அட்டையின் பின்பக்கம்

இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். சோப்பு வழுக்கி வாளிக்குப் பின்னால் போய்விட்டது. குனிந்து அதைத் தேடி எடுத்தபோதும் இடது கை மேலேயே இருந்தது.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அத்தான், உள்ள என்ன பண்றீங்க? தண்ணி சத்தம் விட்டு விட்டு வருது."

மனைவியின் தங்கை. அந்த வீட்டில் மனைவி பெரியவள், இவள் சின்னவள். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை.

"குளிக்கிறேன்."

"ஒரு கையாலயா?"

அவன் இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினான்.

"இன்னும் அதக் கழுவலையா நீங்க?" அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஏழு மணி ஆகல."

"ஆறே முக்கால் ஆச்சு. துண்டக் கதவுல போட்டிருக்கேன்."

அவன் மனைவி நேற்று மதியம் ஒன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இதயத் தசை பலவீனம் என்று சொல்லியிருந்தார்கள். பதினோரு நாள் வைத்திருந்தார்கள். இப்போது கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். பதினோரு மணிக்கு வண்டி வரும். அதற்குள் அவனுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது.

அந்த வேலை அவன் இடது முன்கையின் உட்பக்கத்தில் இருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை விரல் அகலத்தில் பன்னிரண்டு கோடுகள். மஞ்சளும் ஆரஞ்சும் பழுப்பும் சிவப்புமாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பேனாவால் ஓர் எண். ஏழு என்ற எண்ணின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. அவள் எப்போதும் அப்படித்தான் எழுதுவாள்.

அவள் ஓர் அழகுசாதனக் கடையில் வேலை பார்த்தாள். புதிதாக எந்தச் சரக்கு வந்தாலும் அதற்கு ஓர் அட்டை எழுதி அலமாரியில் குத்தி வைப்பாள். முன்பக்கம் நிறை, பின்பக்கம் குறை. குறை இல்லாமல் ஓர் அட்டையும் அலமாரிக்குப் போகாது. "ஏன்டி, விக்க வந்தியா, தடுக்க வந்தியா?" என்று கடைக்காரம்மா ஆரம்பத்தில் சத்தம் போட்டார். ஆறு மாதத்தில் வாடிக்கையாளர்கள் நேராக வந்து அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தைப் படித்துவிட்டு, பொருளை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைக்காரம்மா அதன் பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

கண்ணிமைச் சாயம் என்றால் முதலில் அவன் கையில்தான் பூசுவாள். "உங்க உள்கையும் என் இமையும் ஒரே நிறம். எனக்காகவே ஒரு முழத்துக்கு போர்டு அடிச்சு அனுப்பியிருக்காங்க" என்பாள். பூசியதும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் அதே நேரத்துக்கு ஒரு தடவை. அவள் பார்த்துச் சொல்ல, அவன் எழுதுவான். அதுவரை அந்தக் கையில் தண்ணீர் படக் கூடாது.

அவனுக்கு அது கஷ்டமாக இருந்ததில்லை. அவன் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் லேபில் இருந்தான். கான்கிரீட்டை க்யூப் எனும் கனசதுரக் கட்டிகளாக வார்த்து, தேதி எழுதி, தண்ணீர்த் தொட்டியில் போட்டு, இருபத்தெட்டாம் நாள் எடுத்து எந்திரத்தில் வைத்து உடைப்பார்கள். இருபத்தேழாம் நாள் உடைத்தால் அது சோதனை இல்லை. அவள் அவனை க்யூப் சார் என்று கூப்பிட்டதும் அதனால்தான்.

சட்டையை மாட்டிக்கொண்டு படுக்கையறை ஜன்னலருகே போனான். வெளிச்சம் போதுமாக இருந்தது. டியூப்லைட்டைப் போடக் கூடாது, பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். ஏழு மணிக்கு நோட்டை எடுத்தான்.

ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, எண் மட்டும் இருக்கிறது. நான்கும் ஐந்தும் பாதி. ஆறு, அப்படியே. ஏழு, அப்படியே. எட்டு மங்கல். ஒன்பதில் நிறம் போய் மினுக்கு மட்டும் நிற்கிறது. பத்து முதல் பன்னிரண்டு வரை முழங்கை மடிப்பில் மடிந்து கோடு விழுந்திருக்கிறது.

எழுதி முடித்துவிட்டு நோட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்து அவள் பேச வேண்டிய இடம்.

*

அந்தப் பன்னிரண்டு நிறமும் அடங்கிய கண்ணிமைச் சாயப் பெட்டியை, பேலட்டை, நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனது அவன்தான். முந்தின நாள் கடைக்காரம்மா கொடுத்து அனுப்பியிருந்தார். கொடுக்கும்போது, "அவளுக்கு வேலை கொடுக்கிறேன்னு நினைக்காதீங்க. அவளே போன்ல கேட்டா. சும்மா படுத்திருந்தா செத்துருவேன்னா" என்றார். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அவன் வார்டுக்குள் போனபோது மணி ஆறே முக்கால். நர்ஸ் அவளுக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கண்ணு இப்படிச் சிவந்திருக்கு? அழுதீங்களா?"

"அழுவேனா நான்? கலர் சிஸ்டர். ஐ ஷேடோ. இப்பல்லாம் வார்ம் டோன்தான், செவப்பும் ஆரஞ்சும்தான் ஓடுது."

"ஆஸ்பத்திரில கூடவா?"

"இங்கதான சிஸ்டர் எல்லாரும் வெள்ளையா இருக்கீங்க. யாராவது ஒருத்தர் கலரா இருக்க வேணாமா?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே கருவியைச் சுருட்டிக்கொண்டு போனார். அவள் அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவனும் சிரித்தான். பிறகு பையிலிருந்து பேலட்டை எடுத்துக் கொடுத்தான். பெட்டியைச் சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை அவள் நகத்துக்கு வரவில்லை. விரல்களில் அவ்வளவு பலமில்லை. அவன் வண்டிச் சாவியால் அதைக் கீறிப் பிரித்தான். எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"கைய நீட்டுங்க க்யூப் சார்."

நீட்டினான். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பூசினாள். மூன்று நிறத்துக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர்களை அவள் மதிப்பதில்லை. தானே வைப்பாள். முதலாவது பிஸ்கட். இரண்டாவது அட்டைப்பெட்டி. நான்காவது ஆரஞ்சுத் தோல். எட்டாவது துருப்பிடித்த ஆணி. ஒன்பதாவது புதுச் செம்புக் கம்பி.

"இது என்ன?" ஆறாவதைக் காட்டிக் கேட்டாள்.

"செங்கல். பொடிச்சா இந்த நிறம்தான் வரும்."

"நல்ல செங்கல்லா?"

"இரண்டாந்தரம். கொஞ்சம் வேகாதது."

"இந்த வாயாலதான் என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு வார்த்தை வரல." ஏழாவதைத் தொட்டாள். "இது?"

"அதுவும் அதேதான்."

"ம். ஆறும் ஏழும் அக்கா தங்கச்சி. வித்தியாசம் அம்மாவுக்குத்தான் தெரியும்."

அட்டையின் முன்பக்கத்தை அப்போதே எழுதினாள். எழுத்து கொஞ்சம் சரிந்திருந்தது.

'நம் நிறத்துக்கென்றே செய்தது போல இருக்கும். மாநிறமோ கறுப்போ, முகம் எடுப்பாகத் தெரியும். பன்னிரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். எதை எதோடு சேர்த்தாலும் தப்பு வராது. புதிதாகப் போடுபவர்கள் பயப்பட வேண்டாம். பிரஷ் தேவையில்லை, விரல் போதும். சாயங்கால வெளிச்சத்தில் போட்டுப் பாருங்கள்.'

கீழே ஒரு வரி அளவுக்கு இடம் மிச்சம் இருந்தது. அட்டையைத் திருப்பி, 'குறை' என்று தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டாள். பேனாவை மூடினாள்.

"குறை எழுதலையா?"

"சின்னச் சின்னதா நிறைய இருக்கு. பொடி கன்னத்துல உதிரும். ரெண்டு நிறம் ஒண்ணு போல இருக்கு. டியூப்லைட்ல பாத்தா செத்துரும், சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. ஓரத்துல தீட்ட ஒரு கறுப்பு கூட வைக்கல. ஆனா அதெல்லாம் குறை இல்ல. சமாளிச்சுக்கலாம்."

"அப்புறம்?"

"ஒண்ணு இருக்கு. வார்ம் டோன்னு பேர் வச்ச எல்லாத்துக்கும் அது இருக்கு. இதுல எவ்வளவுன்னு பாக்கணும். நாளைக்கு ஏழு மணிக்குச் சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்ன?"

"இருபத்தேழாம் நாள் ஒடைப்பீங்களா நீங்க?"

அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் அதை ரசித்தாள்.

*

கூடத்தில் அத்தை பெட்டியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மனைவியின் அம்மா. ஜன்னல் திரைகள் தைத்து இரண்டு பெண்களையும் படிக்க வைத்தவள். ஒரு நூல் பிசகினாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். நேற்று மதியத்திலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றும் சாப்பிடவும் இல்லை.

காரணம் அவனுக்குத் தெரியும். வார்டுக்கு வெளியே டாக்டர் சொன்னபோது அவன், "எந்தப் படிவத்துல கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டான். அத்தை பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அதன் பிறகு அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தது, சொந்தக்காரர்களுக்குச் சொன்னது, நாற்காலி வாடகைக்கு எடுத்தது எல்லாம் அவன்தான். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. வரவழைக்கத் தெரியவில்லை. மனசுக்குள் ஒரு தகரம் அடித்து மூடியது போல இருந்தது.

சமையலறையில் அத்தை யாரிடமோ சொன்னது காலையில் அவன் காதில் விழுந்தது. "நாலு வருஷம் கூட வாழ்ந்தவன். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விட்டா என்ன? சிமெண்ட்டோட சிமெண்ட்டா ஆயிட்டான் போல."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

சின்னவள் பேலட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"அத்தான், அக்காக்கு லேசா போட்டு விடவா? முகம் வெளுத்துப் போய்க் கெடக்கு. செம்பு மட்டும், ஒரே ஒரு விரல்."

அவன் கூரையைப் பார்த்தான். பெட்டிக்கு நேர் மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"டியூப்லைட்டுக்குக் கீழ இது வேணாம்னு சொல்லியிருக்கா."

சின்னவள் அண்ணாந்து பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"ஆமா, திட்டுவா," என்றாள். பேலட்டை மூடினாள்.

பத்து மணிக்குக் கடைக்காரம்மா வந்தார். தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு பெட்டியருகே நின்றார். கிளம்பும்போது அவனைத் தனியே கூப்பிட்டார்.

"அந்த பேலட் நாளைக்கு அலமாரிக்குப் போகுது. அட்டையப் பத்திக் கவலப்படாதீங்க. அது இல்லாமலே வச்சிடறேன்."

"அட்டை இருக்கு. முன்பக்கம் எழுதிட்டா."

"பின்பக்கம்?"

"இன்னும் வரல."

அவர் அவனைப் பார்த்தார்.

"நான் ஏதாவது எழுதிக்கிறேன் தம்பி. பொடி உதிரும்னு எழுதினா யாரு கேக்கப் போறா?"

"அது குறை இல்லைன்னு சொன்னா. வேற ஒண்ணு இருக்காம். இன்னிக்குச் சொல்றேன்னா." கொஞ்சம் நிறுத்தினான். "நான் கண்டுபிடிச்சுத் தரேன். சாயங்காலத்துக்குள்ள தரேன்."

தனக்கென்று ஒன்றைக் கேட்பது போலச் சொன்னான். கடைக்காரம்மா அவன் தோளில் கை வைத்தார்.

"சரி. நீங்களே தாங்க. அவ அட்டைல நான் கைய வச்சா எனக்கும் நல்லா இருக்காது."

*

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. தெரு குறுகல். வீட்டு வாசல் வரை வர முடியாமல் முனையிலேயே நின்றது. அங்கே வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். லேபிலிருந்து வந்த நான்கு பேரும் முன்னால் வந்தார்கள். அவனும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுத் தலைமாட்டுப் பக்கம் பிடித்தான். "நீ விடு," என்றார்கள். விடவில்லை.

வெயில் நேராக அடித்தது. பெட்டியின் மேல் யாரோ வைத்திருந்த பூக்களின் ஈரம் கழுத்தில் பட்டது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. இரண்டு கையிலும் பாரம். கண்ணை இறுக்கி மூடித் திறந்தான். தெரு முனையில் பெட்டியை வண்டிக்குள் தள்ளிய பிறகுதான் கை விடுபட்டது. கண் எரிந்தது. குனிந்து, கைக்குக் கிடைத்ததைக் கொண்டு துடைத்தான். முதலில் ஒரு கண். பிறகு மறு கண். அழுத்தி, நன்றாக.

கிடைத்தது அவனுடைய இடது முன்கைதான்.

நிமிர்ந்தபோது அத்தை எதிரே நின்றிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வாய் கோணியது.

"அழுதுட்டியாப்பா," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அதற்குள் அவள் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் அவனை விடக் குள்ளம். அவன் முழங்காலை மடக்கி நிற்க வேண்டியிருந்தது.

"உள்ளயே வச்சிருந்தியா இவ்வளவும்? கண்ணு ரெண்டும் ரத்தமா இருக்கே. நான் ஒரு பாவி. என்னென்னமோ நெனச்சுட்டேன் உன்ன. அழுடா. நல்லா அழு."

டா போட்டு அவள் அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் முதுகு குலுங்கியது. நேற்றிலிருந்து அவளும் சத்தமாக அழவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் அசையாமல் நின்றான். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அவள் தோளுக்கு மேல் சின்னவள் தெரிந்தாள். அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். ஆறும் ஏழும் இருந்த இடம் இழுபட்டு ஒரே சிவப்பாகியிருந்தது. சின்னவள் துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று அவன் நினைத்தான்.

வண்டியில் ஏறும்போது அவள் அவன் காதருகே வந்தாள்.

"தொடச்சு விடவா அத்தான்?"

"இருக்கட்டும். அத்தை பாக்குறாங்க."

ஓட்டுநரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. இமைகள் மேலும் கீழும் சிவந்து, வீங்கினாற்போல், ஓரங்களில் கசங்கியிருந்தன. இரண்டு நாள் அழுத ஒருவனின் கண்கள். யாரோ ஒருவனைப் பார்ப்பது போலப் பார்த்தான். அந்த ஆள் மேல் அவனுக்கு இரக்கம் வந்தது.

இதுதான் அந்தக் குறை என்று பட்டது. அவள் நாளைக்குச் சொல்கிறேன் என்றது.

தகன நிலையத்தில் எல்லாம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. ஒரு இரும்புக் கதவு. ஒரு ரசீது. ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தான். எழுந்திருக்கச் சொன்னார்கள், எழுந்தான். அத்தை முழு நேரமும் அவன் கையைப் பிடித்திருந்தாள். வலது கையை.

*

வீடு திரும்பியபோது மூன்று மணி. வாடகை நாற்காலிகளை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். கூடம் பெரிதாகத் தெரிந்தது.

சமையலறையில் சின்னவள் அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கைகால் கழுவப் போகும் வழியில் அவர்கள் பேச்சு கேட்டது.

"அது கலரும்மா."

"என்ன கலரு?"

"அத்தான் கண்ணுல பாத்தது. அக்கா கைல பூசி விட்டிருந்தாளே, அதுல தொடச்சுக்கிட்டார். ஆறாவது நிறம்."

டம்ளரைக் கீழே வைப்பது கேட்டது. அவன் நடையிலேயே நின்றான். உள்ளே போய் ஏதாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தான்.

பிறகு ஒரு சத்தம் வந்தது. மூக்கால் வந்த சிரிப்பு. அதை அடக்கப் பார்த்து இன்னும் பெரிதாக வந்தது.

"அடப் பாவிகளா. புருஷனும் பொண்டாட்டியுமா சேந்து என்ன ஏமாத்திட்டீங்களே. தெருவுல வச்சு ஊரே பாக்க அவனக் கட்டிப் புடிச்சுக்கிட்டு..." அத்தைக்கு மூச்சு வாங்கியது. "பெரியவ இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

"ரெண்டு நாளைக்குச் சிரிச்சிருப்பா."

"ஒரு பிஸ்கட் குடுடி. அவனுக்கும் ஒரு டீ போடு."

அவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். முகத்துக்கு மூன்று தடவை சோப்புப் போட்டான். பிறகு இடது கையைக் குழாய்க்குக் கீழே நீட்டினான். உடனே திறக்கவில்லை. நின்றான். திறந்தான். முதலில் எண்கள் கரைந்தன. குறுக்குக் கோடு போட்ட ஏழு கடைசியில் போனது. தண்ணீர் செங்கல் நிறத்தில் கொஞ்ச தூரம் ஓடித் தெளிந்தது. துண்டால் கையைத் துடைத்தான். கை வெறும் கையாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். இமைகள் சுத்தமாக இருந்தன.

படுக்கையறைக்கு வந்து அட்டையை எடுத்தான். 'குறை' என்ற அவள் எழுத்துக்குக் கீழே, லேப் அறிக்கையில் எழுதும் அதே எழுத்தில் எழுதினான்.

'ஆறாவது, ஏழாவது நிறங்கள் இருபத்துநான்கு மணி நேரம் நிற்கும். வியர்வை பட்டால் நகரும். அப்படி நகர்ந்தால், போட்டவர் அழுதது போலத் தெரியும். அழாதவரையும் அழுதவராகக் காட்டும்.'

படித்துப் பார்த்தான். அவள் இதைத்தான் சொல்லியிருப்பாள். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். அந்த நர்ஸ் கூட ஏமாந்தாரே, பாத்தீங்கல்ல என்றிருப்பாள்.

கடைக்காரம்மாவின் கடைக்குப் போக வேண்டும். நேற்றுப் போட்டிருந்த சட்டை கதவுக் கொக்கியில் தொங்கியது. வண்டிச் சாவி அதில்தான் இருக்கும். பைக்குள் கை விட்டான். சாவியோடு ஏதோ சலசலத்து வந்தது.

பேலட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை. சாவியால் கீறிய இடத்தில் கிழிந்து, சுருண்டிருந்தது.

கீழே போடப் போனவன் நின்றான்.

உறையைக் கையில் விரித்துப் பார்த்தான். அவன் கிழித்த ஒரு கிழிசல்தான் இருந்தது. வேறு எங்கும் பிரித்த தடம் இல்லை. நர்ஸ் போன பிறகுதான் இதைப் பிரித்தான். அதற்கு முன்னால், அவன் வார்டுக்குள் நுழைந்தபோது, அந்தப் பெட்டி திறக்கப்படவே இல்லை. பதினோரு நாளாக அவள் படுக்கைக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சீப்பும் தவிர ஒன்றும் இருந்ததில்லை. அவன்தான் தினமும் அதைத் துடைத்து அடுக்கியவன்.

கலர் சிஸ்டர், என்றாள். அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவனும் சிரித்தான்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். உறையை முழங்கால்மேல் வைத்து, கிழிசலின் இரண்டு ஓரங்களையும் விரலால் சேர்த்துப் பார்த்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஜன்னலில் வெயில் சாய்ந்து, சுவரில் மஞ்சளாக ஏறியிருந்தது. எழுந்து போய் மறுபடியும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். அட்டையைத் திருப்பினான். முன்பக்கத்தில் அவள் விட்டிருந்த ஒரு வரி இடத்தில், அவள் எழுத்துக்குக் கீழே, எழுதினான்.

'அழுதவர், இதைப் போட்டுக்கொண்டதாகச் சொன்னால், நம்பிவிடுவார்கள்.'

மை காய ஊதினான்.

கதவு லேசாகத் திறந்தது. அத்தை டீ டம்ளரோடு நின்றிருந்தாள். உள்ளே வந்து டம்ளரைக் கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை எடுத்து ஈரமாக்கிக்கொள்வது போல உதட்டில் ஒற்றினாள்.

"மூஞ்சி கழுவினியா இல்லியா? இன்னும் அந்தச் சாயம் கண்ணுல அப்படியே இருக்கே."

அவன் டம்ளரை வாங்கிக்கொண்டான்.

"கழுவினேன் அத்தை," என்றான். "இது சட்டுனு போகாது போல."

அவள் அவன் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். தலைப்பின் நுனியை அவன் இமைமேல் வைத்து மெதுவாகத் துடைத்தாள். எடுத்துப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் நிறம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு நுனியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "கெட்டிச் சாயம்தான். டீ ஆறுது, குடி."